தரமான தோல்வி

கான்சஸ் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், கோதுமையும் காற்றும் மட்டுமே தாராளமாகக் கிடைக்கிற பகுதியில், கோல்டர் க்ரீக் ஜூனியர் காலேஜ் இருக்கிறது. என் தலை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து நான் அங்கே கணக்கு வாத்தியார். இரண்டு வருடப் படிப்பு. எங்கள் பையன்களில் ஒரு பகுதி படிக்க வருகிறது, இன்னொரு பகுதி பந்து ஆட வருகிறது. படிக்க வருகிறவர்கள் யாரென்று ஊருக்குத் தெரியாது.

இந்த ஆட்டத்துக்கு இங்கே கால்பந்து என்று பெயர். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். காலால் உதைப்பது எப்போதாவதுதான். பெயருக்கும் காரியத்துக்கும் பொருத்தம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்தக் கதையை இத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மேற்கொண்டு இதில் ஓர் ஆணையம் வருகிறது.

அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் ஏற்பாட்டைக் கூட்டணி என்று வைத்துக்கொள்வோம். அரசியல் கூட்டணி மாதிரிதான். ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளுவதற்காகவே ஒன்று சேர்ந்தவர்கள். எங்களுடையது கோதுமைச் சமவெளிக் கூட்டணி. தெற்கே மிசிசிப்பியில் இருப்பது ஆற்றோரக் கூட்டணி. இந்த இரண்டில் எது வலியது என்ற கேள்விக்காக எங்கள் ஊரில் மாமனும் மச்சானும் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்திருக்கிறார்கள். இரண்டு கூட்டணிகளும் நேருக்கு நேர் மோதியதே இல்லை என்பதால் இரு தரப்பும் முழு நிச்சயத்தோடு பேச முடிந்தது.

எங்கள் பயிற்சியாளர் வெர்லின் உன்ரூ. அதிகம் பேசாத மனிதர். தலையில் தொப்பி, வாயில் விசில், விசிலை எடுத்தால் காபி. அந்த வருடம் அவருடைய அணி எல்லா ஆட்டத்திலும் ஜெயித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பெரிய காரணம் கார்னெல் மேபெரி என்ற பையன். பந்தோடு ஓடி வருகிறவனைப் பிடித்துக் கீழே கிடத்துவது அவன் வேலை. சத்தமில்லாமல், கோபமில்லாமல், தொட்டிலில் குழந்தையைப் போடுகிற மாதிரி கிடத்துவான். ஆனால் அவன் மிசிசிப்பிக்காரன். சொந்த ஊர்க் கல்லூரியில் இடம் கிடைக்காமல் எங்களிடம் வந்தவன். இரண்டாம் வருடம் முடிவதற்குள் ஏதாவது பெரிய பல்கலைக்கழகம் அவனைக் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் ஊருக்குத் திரும்பி, அம்மா வேலை பார்க்கிற மீன் தொழிற்சாலையில் அவளுக்குப் பக்கத்திலேயே நின்று கெளுத்தி மீன் உரிக்க வேண்டும். அதை அவன் கேவலமாக நினைக்கவில்லை. அம்மாதான் நினைத்தாள்.

பல்கலைக்கழகங்கள் ஆள் பிடிக்க அனுப்புகிறவர்கள் எல்லா மைதானத்துக்கும் வர மாட்டார்கள். வலிய கூட்டணி எதுவோ அங்கே மட்டும் போவார்கள். எது வலியது என்று தெரியாமல் அவர்களும் தவித்தார்கள். இந்தத் தவிப்பைப் போக்கத்தான் ஈராண்டுக் கல்லூரிக் கூட்டணிகளின் வட்டார வலிமை ஒப்பீட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. தலைவர் டாக்டர் வின்ஃபீல்ட் ப்ராக்டர். பெரிய படிப்பாளி. வாழ்நாளில் ஓர் ஆட்டம்கூடப் பார்க்காதவர். பார்த்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவர் கொள்கை. அந்தத் தகுதிக்காகத்தான் அவரைத் தலைவராக்கினார்கள்.

ஆணையத்தின் முதல் உத்தரவு, ஒப்பீடு முடியும் வரை எந்தக் கூட்டணியும் வேறு கூட்டணியோடு ஆடக் கூடாது என்பது. இரண்டாவது உத்தரவு, இடைக்காலத் தர வரிசை. அதில் எங்கள் கூட்டணி எங்கோ பாதாளத்தில் கிடந்தது. விளக்கம் கேட்க உன்ரூவைக் கான்சஸ் சிட்டியில் ஒரு ஓட்டலுக்கு வரச் சொன்னார்கள். எண்கள் சம்பந்தப்பட்ட விஷயம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

விசாரணை மண்டபத்தில் ப்ராக்டர் எழுந்து நின்று கை குலுக்கினார். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. உன்ரூ தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"நாங்க எல்லா ஆட்டத்திலயும் ஜெயிச்சிருக்கோம் சார்."

"அறிவோம். சிக்கலே அங்குதான் தொடங்குகிறது. ஓர் அணியின் வலிமை என்பது அதன் எதிரிகளின் வலிமை. நீங்கள் ஜெயித்ததன் விளைவாக உங்கள் எதிரிகள் அனைவரும் தோற்றவர்களாகிவிட்டார்கள். தோற்றவர்களை வெல்வது வலிமையில் சேராது."

"அப்ப நாங்க தோத்திருக்கணுமா?"

"யாரிடம் என்பதைப் பொறுத்தது. வலிய அணியிடம் தோற்றால் அது தரமான தோல்வி. அதற்கு மதிப்பெண் உண்டு."

"வலிய அணி எது சார்?"

"உங்களை வென்ற அணி."

உன்ரூ என்னைத் திரும்பிப் பார்த்தார். கணக்கில் எங்கே தப்பு என்று நான் கண்டுபிடித்துச் சொல்வேன் என எதிர்பார்த்தார். தப்பு எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை. வாலைத் தானே கவ்விய பாம்பு மாதிரி கணக்கு கச்சிதமாக வட்டமடித்து நின்றது.

எங்களுக்கு அடுத்து மிசிசிப்பி ஆற்றோரக் கூட்டணியின் முறை. அவர்கள் சார்பாக வந்தவர் லவெல் டகிள் என்ற பயிற்சியாளர். பெரிய உருவம், பெரிய குரல். அவர் கூட்டணியில் எல்லா அணியும் ஒன்றை ஒன்று மாறி மாறி ஜெயித்திருந்தது. எதிரிகள் எல்லாரும் ஜெயித்தவர்கள்தானே, அப்படியானால் நாங்கள் வலியவர்கள்தானே என்று அவர் கேட்டார். ப்ராக்டர் வருத்தத்தோடு தலையசைத்தார். ஒவ்வொரு அணியும் தோற்றிருப்பதால் உருப்படியாக வென்றவர் என்று எவரையும் சுட்டிக்காட்ட முடியவில்லை என்றும், அது தரமான தோல்வியாக இருந்தாலும் அளவுக்கு மிஞ்சிய தரம் என்றும் தெரிவித்தார்.

அந்த இரண்டு பயிற்சியாளர்களும் அதுவரை நேரில் சந்தித்ததில்லை. ரேடியோவில் மட்டும் ஒருவரை ஒருவர் திட்டியிருக்கிறார்கள். மிசிசிப்பிப் பையன்கள் மீனைத் தின்றுவிட்டு மத்தியானம் தூங்குகிறவர்கள் என்று உன்ரூ சொல்லியிருந்தார். கான்சஸ் பையன்கள் சொந்தக் காலில் ஓடுவதில்லை, காற்று தள்ளிக்கொண்டு போகிறது என்று டகிள் சொல்லியிருந்தார். மறுநாள் காலை ஓட்டலில் வாஃபிள் சுடுகிற மெஷினுக்கு முன்னால் இருவரும் தட்டோடு நின்றார்கள். டகிள்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்னய்யா உன்ரூ, ஜெயிச்சா ஜெயில்ல போடுவாங்க போலிருக்கே."

"உன்னை மட்டும் என்ன பண்ணிட்டாங்களாம். தோத்தும் பிரயோஜனம் இல்ல."

அதற்குள் வாஃபிள் கருகிவிட்டது. இருவரும் அதை ஆளுக்குப் பாதியாகத் தின்றார்கள்.

அக்டோபர் தொடக்கத்தில் இறுதி வரிசை வந்தது. வேறு கூட்டணியோடு ஆடக் கூடாது என்ற தடையை மட்டும் யாரும் எடுக்கவில்லை. முதலிடம் மலைமுகட்டுக் கூட்டணிக்கு. மேற்கே மலைப் பகுதியில் இருக்கிற சில கல்லூரிகள். பையன்கள் சேராததாலும் பனி சீக்கிரம் வந்துவிடுவதாலும் அவை அத்தனையும் கால்பந்தையே கைவிட்டுவிட்டன. ஆனால் கூட்டணியைக் கலைக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஆணையம் அவர்கள் நிலவரத்தைத் தீர ஆராய்ந்தது. தோல்வி இல்லை, காயம் இல்லை, நடுவரை அடித்ததாகப் புகார் இல்லை, படிப்பில் பின்தங்கியவர் இல்லை. நாட்டிலேயே எவராலும் வெல்லப்படாத ஒரே கூட்டணி என்று ப்ராக்டர் மேடையில் அறிவித்து, கோப்பையை எடுத்து நீட்டினார். அதை வாங்கிக்கொள்ள மேடையேறியவர் அந்தக் கல்லூரிகளில் ஒன்றின் நூலகர். இவ்வளவு தூரம் எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவருக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

விஷயம் இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நாகரிகம் என்பது வைக்கோல்போரில் விழுந்த நெருப்பு. எங்கள் ஊரிலேயே ஆடாமல் இருப்பது ஒரு கௌரவமாகிவிட்டது. தோற்காதவர் என்று அச்சடித்த பனியன் கடையில் நிற்காமல் விற்றது. மாவட்டக் கண்காட்சியில் வருடா வருடம் மூன்றாம் பரிசு வாங்குகிற மார்லீன், இந்த முறை தான் சுடுகிற ஆப்பிள் பை என்ற பலகாரத்தைப் போட்டிக்கு அனுப்பாமல், வெல்லப்படாத பை என்று பேக்கரி வாசலில் எழுதி வைத்தாள். ஷெரிஃப் தேர்தலில் நின்ற ஒருவர், தன் சாதனைக்குப் பங்கம் வரக் கூடாது என்று வாக்குப்பதிவுக்கு முன்பே விலகிக்கொண்டார். அதை அறிவித்த கூட்டத்தில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

எங்கள் கல்லூரித் தலைவர் டாக்டர் மார்ஜரி தீலன் காலத்தோடு ஒட்டிப் போகிறவர். உன்ரூவை அறைக்கு வரவழைத்து, இந்தப் பருவம் முடிந்ததும் அணியைக் கலைத்துவிடலாம் என்று யோசிப்பதாகச் சொன்னார். தண்டனையாக இல்லை, தர உயர்வுக்காக.

"கலைச்சா என்ன மேடம் கிடைக்கும்?"

"அடுத்த வருஷமே நாம முதல் வரிசைக்கு வந்துடலாம் வெர்லின். ஆளை அனுப்புற பல்கலைக்கழகங்க நம்ம காலேஜைத் தேடி வரும்."

"வந்து யாரைப் பாப்பாங்க?"

அதற்கு ஒரு துணைக்குழு அமைக்கப்படும் என்று டாக்டர் தீலன் சொன்னார்.

உன்ரூ நேராக என் வகுப்புக்கு வந்து பின்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தார். பையன்கள் போன பிறகும் எழுந்திருக்கவில்லை. தனக்கு வேலை போனால் மச்சானோடு சேர்ந்து டிராக்டர் ஓட்டிப் பிழைத்துக்கொள்வதாகவும், கார்னெலிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை என்றும் சொன்னார். அந்தப் பையன் காலையில் வந்து, தான் யாரையாவது கிடத்தாமல் விட்டுவிட்டால் அது தரமான தோல்வியாகுமா என்று கேட்டானாம். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே உதவி செய்யலாம் என்று நினைத்துக் கேட்டான்.

பிறகு என் மேஜையில் இருந்த போனை எடுத்து டகிளைக் கூப்பிட்டார்.

இருவரும் பேசியதில் எனக்குக் கேட்டது ஒரு பக்கம்தான். "ஆடிப் பாத்துடுவோம்யா" என்றார் உன்ரூ. அந்தப் பக்கத்திலிருந்து பெரிய சிரிப்பு வந்தது. போனை வைத்துவிட்டு, உத்தரவை மீறாமல் எப்படி ஆடுவது என்று என்னிடம் கேட்டார். அதற்கு எனக்கு ஒரு பொழுதுகூட ஆகவில்லை. இத்தனை வருடம் அலுவலகங்களோடு பழகியதில் அந்தப் பாஷை எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆணையம் தடை செய்தது ஆட்டத்தைத்தானே. ஆகவே, இரு வட்டார மாணவர்கள் நல்லிணக்க நோக்கில் கூடி மேற்கொள்ளும் உடற்பயிற்சி என்றும், அவசியம் ஏற்படுமாயின் ஒரு பந்து உபயோகிக்கப்படலாம் என்றும் எழுதிக் கொடுத்தேன். நல்லிணக்கம் என்ற சொல்லைப் பார்த்ததும் டாக்டர் தீலன் மேற்கொண்டு படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

இடம் ஆர்கன்சாவில், இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஒரு சின்ன ஊரின் பள்ளிக்கூட மைதானம். ஒரு சனிக்கிழமை மத்தியானம். எங்கள் ஊரில் பாதி, பெரிய பெரிய பாத்திரங்களில் சில்லி என்கிற கறிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியுமாகக் கிளம்பியது. மிசிசிப்பியிலிருந்து வந்தவர்கள் மைதானத்து ஓரத்திலேயே அடுப்பு மூட்டி மீன் பொரித்தார்கள். சோள மாவுக்குள் கறி வைத்து அவித்த டமாலேயை மூட்டையாகக் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு பக்கத்தாரும் முதலில் முறைத்தார்கள், பிறகு வாசனை தாங்காமல் பாத்திரம் மாற்றிக்கொண்டார்கள்.

உன்ரூ இன்னொரு காரியமும் செய்திருந்தார். கர்டிஸ் வான்ஹோர்ன் என்று ஒருவர், பெரிய பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஆள் பிடிக்கிறவர். முதலிடம் பெற்ற மலைமுகட்டுக் கூட்டணியைக் கவனித்து எழுதும்படி மேலிடம் அவரை அனுப்பியிருந்தது. மனுஷன் வாராவாரம் வெற்று மைதானத்தில் உட்கார்ந்து, தற்காப்பில் ஓட்டை எதுவும் தென்படவில்லை என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். உன்ரூ அவருக்குப் போன் செய்து, சும்மா உட்கார்ந்திருப்பதை ஆர்கன்சாவில் வந்து உட்காரலாமே என்று கூப்பிட்டார். ஏட்டளவில் நடக்காத ஆட்டத்தைத் தான் பார்க்க முடியாது என்று வான்ஹோர்ன் தயங்கினார். மீன் பொரிக்கிறார்கள் என்றதும் வந்துவிட்டார்.

கார்னெலின் அம்மா லொரேட்டாவும் வந்திருந்தாள். உட்கார்ந்தது எதிர்ப் பக்கத்தில். ஆட்டம் தொடங்குமுன் எங்கள் பக்கம் நடந்து வந்து, உன்ரூவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "என் மகன் நல்லா ஆடட்டும் கோச். ஆனா உங்க டீம் தோக்கணும். திங்கக்கிழமை நான் வேலைக்குப் போய்த் தலை நிமிந்து நிக்க வேணாமா?"

அன்றைய ஆட்டத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. எனக்கு அந்தத் திறமை கிடையாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆணையம், வரிசை, கோப்பை என்று அத்தனை மாதம் பேசிய வாய்கள் எல்லாம் அன்று மூடிக்கொண்டன. ஒருவன் ஓடினான், ஒருவன் பிடித்தான், அவ்வளவுதான் உலகம். கார்னெல் மிசிசிப்பிப் பையன்களை ஒவ்வொருவராகக் கிடத்திவிட்டு, அவர்கள் எழுந்திருக்கக் கை கொடுத்தான். அவர்களில் சிலர் அவனோடு பள்ளிக்கூடம் போனவர்கள். ஒரு தடவை எதிரியின் கையிலிருந்து நழுவிய பந்தை எடுத்துக்கொண்டு, புள்ளி கிடைக்கிற எல்லைக் கோடு வரைக்கும் அவனே ஓடினான். லொரேட்டா எழுந்து நின்று கை தட்டினாள், பிறகு தான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைவு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

கடைசி நிமிடத்தில் மிசிசிப்பி இருபத்தொன்று, நாங்கள் இருபது. எங்களுக்குப் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஒரு புள்ளி, சமமாகிவிடும். உதைக்கப் போனவன் ரஸ்டி ஷ்ராக். பிறந்ததிலிருந்து மேற்குக் கான்சஸ் காற்றில் உதைத்துப் பழகியவன். காற்று இழுத்துக்கொண்டு போகும் என்று கணக்குப் போட்டு, எப்போதும் போல் கம்பத்துக்கு ரொம்ப வெளியே குறி வைத்து உதைத்தான். ஆர்கன்சாவில் அன்று இலைகூட அசையவில்லை. பந்து அவன் குறி வைத்த இடத்துக்கே மிகச் சரியாகப் போய் விழுந்தது.

தோற்றுவிட்டோம். உன்ரூ மைதானத்தைக் கடந்து போய் டகிளைக் கட்டிக்கொண்டார். ரஸ்டி தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றான். கார்னெல் அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடத்திப் போனான். வான்ஹோர்ன் மீன் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் பின்னாலேயே போனார். பல்கலைக்கழகத்தில் கார்னெலுக்கு இடம் கிடைத்தது. முதலிடம் பெறாத கூட்டணிப் பையனை எப்படி எடுத்தீர்கள் என்று மேலிடம் கேட்டபோது, முதலிடக் கூட்டணியைக் கவனிக்கப் போன பயணத்தில் கிடைத்த பையன் என்று வான்ஹோர்ன் பதில் சொன்னாராம். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

நியாயமாகப் பார்த்தால் கதை இங்கே முடிய வேண்டும். எது வலியது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. புல்தரையில், பட்டப்பகலில், எல்லார் கண் முன்னாலும் கிடைத்தது.

திங்கட்கிழமை காலை எங்கள் ஊர் காபிக் கடைக்குப் போனேன். கடை நிரம்பி வழிந்தது. காற்று இல்லாத இடத்தில் ஆட வைத்தது எங்களுக்கு இழைத்த அநீதி என்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். நம் பையன்கள் டமாலே தின்று வயிறு மந்தமாகிவிட்டார்கள் என்றாள் மார்லீன். அந்த மைதானமே கொஞ்சம் சரிவு, தெற்குப் பக்கமாகத்தான் சரிகிறது என்று நிலம் அளக்கிற ஒருவர் உறுதியாகச் சொன்னார். இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் உண்மையில் ஜெயித்தது யார் என்று எடுத்துச் சொல்ல, பாரபட்சமில்லாத, படித்த, பொறுமையான ஓர் அமைப்பு வேண்டும் என்று எல்லாரும் ஒரே மனதாக ஒப்புக்கொண்டார்கள். ஒரே ஓர் ஆட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்துவிடக் கூடாது என்று தொடங்கும் மனு ஒன்று அங்கேயே தயாரானது. பாஷை தெரிந்தவன் என்று என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதினேன். எனக்கும் அந்தச் சரிவு பற்றிச் சந்தேகம் இருந்தது.

டகிளும் போன் செய்தார். அங்கேயும் மனு. இருபது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம், பஸ் பயணக் களைப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு உண்மையான வித்தியாசத்தை ஆணையம் அறிவிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். வரலாற்றில் முதல் தடவையாக இரண்டு கூட்டணிகளும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டன. மனு நிலுவையில் இருக்கும் வரை எதையும் மாற்றக் கூடாது என்பது விதி. அதனால் டாக்டர் தீலனும் அணியைக் கலைக்கும் யோசனையைத் தள்ளி வைத்தார்.

மனுவைப் பெற்றுக்கொள்ள ப்ராக்டரே எங்கள் ஊருக்கு வந்தார். காபிக் கடையில் அவருக்கு நாற்காலி போட்டு, இலவங்கப்பட்டை ரொட்டி வைத்து, எல்லாரும் சுற்றி நின்றோம். இவ்வளவு வரவேற்பை அவர் எங்கும் பார்த்திருக்க மாட்டார், கண் கலங்கிவிட்டது. மனுவை முழுவதும் படித்து மடித்துப் பையில் வைத்தார். பிறகு, யாருமே எதிர்பாராதபடி, சாதாரண மனிதர் மாதிரி ஒரு கேள்வி கேட்டார்.

"அது இருக்கட்டும். அன்றைக்கு யார் ஜெயித்தார்கள்?"

மார்லீன் ஜன்னலைப் பார்த்தாள். நிலம் அளக்கிறவர் தரையைப் பார்த்தார். நான் உன்ரூவைப் பார்த்தேன். ஆடிப் பார்த்துவிடுவோம் என்று சொன்ன மனிதர் அவர் ஒருவர்தான்.

உன்ரூ காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அதில் அவர் சர்க்கரை போடுகிற வழக்கமே கிடையாது.

"அது, எதை ஜெயிக்கிறதுன்னு வச்சுக்கிறோம்ங்கிறதைப் பொறுத்தது சார்" என்றார்.